2400-க்குப் பக்கத்தில் 3200: வேகம் வேறான ரேம்களை ஒரே போர்டில் போடலாமா?

"அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல 2400 ரேம் கிடக்கு. பக்கத்துல 3200 போட்டா போர்டு போயிருமா?"

திருநெல்வேலி ஜங்ஷனிலோ வண்ணார்பேட்டையிலோ கம்ப்யூட்டர் கடைக் கவுண்டரில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும். போர்டு போகாது. இரண்டும் டிடிஆர்4 என்ற ஒரே தலைமுறை ரேம் என்றால் பெரும்பாலும் ஒன்றாகவே ஓடும். ஓடும் வேகம் மட்டும் 2400-ஆக இருக்கும். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு, பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜோடியாகப் புதிது வாங்க எல்லோருக்கும் மனம் வருவதில்லை. அதனால் கலந்து போடுவது எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் காலை வாரும் என்று தெரிந்துகொள்வது நல்லது. வேக வித்தியாசம் காலை வாருவது அபூர்வம். சிக்கல் வேறு இடங்களிலிருந்து வருகிறது.

போர்டு வேகத்தை எப்படி முடிவு செய்கிறது?

ரேம் பலகையில் வரிசையாக இருக்கும் பெரிய கறுப்புச் சில்லுகள்தான் மெமரி. அவற்றோடு மிகச் சிறிய சில்லு ஒன்றும் இருக்கும். அதில் எழுதியிருப்பதை எஸ்பிடி என்பார்கள். டிடிஆர்4 ரேமில் அது 512 பைட், அவ்வளவுதான். அந்த ரேமின் கொள்ளளவு, அது தாங்கும் அதிகபட்ச வேகம், கேட்ட தகவலை எடுத்துக் கொடுக்கக் குறைந்தது எத்தனை நானோ நொடி வேண்டும், எத்தனை வோல்ட் வேண்டும் என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும்.

பவர் பட்டனை அழுத்தியதும், திரையில் எதுவும் வருவதற்கு முன்பே, பயாஸ் என்ற, போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் உள்ள எஸ்பிடியைப் படிக்கிறது. பிராசஸர் எந்த வேகம் வரை தாங்கும் என்பதும் அதற்குத் தெரியும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான வேகத்தைத் தேர்ந்தெடுத்து, எல்லா ரேமையும் அந்த வேகத்துக்கே செட் செய்துவிடுகிறது. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு துடியாகவும் இன்னொன்று மந்தமாகவும் இருந்தால் வண்டி மந்தமான மாட்டின் நடையில்தான் போகும். அதனால் துடியான மாட்டுக்குக் காலொன்றும் ஒடிந்துவிடாது. 3200 ரேம் 2400-ல் ஓடுவதும் அப்படித்தான். அதற்குச் சூடும் கம்மி, சிரமமும் கம்மி.

வேகமான ரேமை முதல் ஸ்லாட்டில் போட்டால் எல்லாம் அந்த வேகத்துக்கு வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். வராது. எந்த ஸ்லாட்டில் எதைப் போட்டாலும் பொது வேகம் மாறாது.

எண்களைப் படிக்கும் விதம்

ரேம் ஸ்டிக்கரில் "பிசி4-2400டி" என்றோ "பிசி4-3200ஏஏ" என்றோ இருக்கும். "பிசி4" என்றால் டிடிஆர்4. 2400 என்பது நொடிக்கு 2400 மில்லியன் முறை தகவல் கைமாறுகிறது என்பதைக் குறிக்கும். ஒவ்வொரு முறையும் 8 பைட் போகிறது. 2400-ஐ 8-ஆல் பெருக்கினால் 19,200. அதாவது நொடிக்கு 19,200 எம்பி. சில ஸ்டிக்கரில் "பிசி4-19200" என்று இருப்பது இதே ரேம்தான். "பிசி4-25600" என்றால் 3200. இதைத் தெரியாமல் 19200-ஐப் பார்த்து ஏதோ பெரிய ரேம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு.

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் மெமரி பக்கத்தைத் திறந்தால் 2400-க்குப் பதில் 1200 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டும். பாதி வேகத்தில் ஓடுகிறது என்று பயப்பட வேண்டாம். டிடிஆர் ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு முறை தகவலைக் கொடுக்கும். 1200 இரண்டு மடங்கானால் 2400.

அடுத்தது சிஎல் என்ற எண். கேட்ட தகவல் வர எத்தனை துடிப்பு ஆகும் என்பதை அது சொல்கிறது. இதைத் தனியாகப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். சிஎல்லை 2000-ஆல் பெருக்கி ரேம் வேகத்தால் வகுத்தால் நானோ நொடி கிடைக்கும். 2400 சிஎல்17 ரேமுக்கு 14.17 நானோ நொடி. 3200 சிஎல்22 ரேமுக்கு 13.75. எண் 17-லிருந்து 22-க்கு ஏறினாலும் காத்திருக்கும் நேரம் கிட்டத்தட்ட அதேதான். இந்த 3200 ரேமை 2400-க்கு இறக்கும்போது பயாஸ் 22-ஐ அப்படியே வைத்துக்கொள்ளாது. 13.75 நானோ நொடிக்கு 2400 வேகத்தில் 16.5 துடிப்பு வேண்டும், அரைத் துடிப்பு கிடையாது, ஆகவே 17 என்று கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் பழைய ரேமும் 17 என்பதால் இரண்டும் ஒத்துப்போகும். ஒரு ரேம் இன்னும் மெதுவான எண்ணைக் கேட்டால் இரண்டுக்கும் அந்த மெதுவான எண்ணே செட் ஆகும்.

வேகம் குறைந்தால் நஷ்டமா?

பாளையங்கோட்டையில் டிடிபி கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐ5-7400 பிராசஸர், 2400 வேகத்தில் ஒற்றை 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். ஆனித் தேரோட்டத்துக்கு 20 அடிக்கு 10 அடி பிளக்ஸ் ஒன்று டிசைன் செய்ய வேண்டும். அங்குலத்துக்கு 72 புள்ளி வைத்தாலே 17,280-க்கு 8,640 புள்ளி. அச்சுக்கான நான்கு நிறத்தில், ஒரே ஒரு லேயருக்குச் சுமார் 600 எம்பி. நான்கைந்து லேயர் போட்டால் 4 ஜிபி காலி. அதற்கு மேல் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கையே ரேமாகப் பயன்படுத்தத் தொடங்கும். பழைய ஹார்ட் டிஸ்க் ஒரே சீராகப் படித்தாலே நொடிக்கு 100, 150 எம்பிதான் கொடுக்கும். அங்கும் இங்கும் துண்டு துண்டாகப் படிக்கச் சொன்னால் அதுவும் வராது. அதன் எதிரே 2400 ரேம் 19,200 எம்பி கொடுக்கிறது. இந்த இடைவெளிக்கு முன்னால் 2400-க்கும் 3200-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல. அந்தக் கடைக்கு வேண்டியது கொள்ளளவு.

இன்னொரு லாபமும் உண்டு. சாதாரண பிராசஸரில் ரேமுக்கு இரண்டு சேனல், அதாவது தகவல் போய்வரும் இரண்டு பாதை, இருக்கிறது. ஒரே ரேம் இருந்தால் ஒரு சேனல் சும்மா கிடக்கும். இரண்டு ரேம் இரண்டு சேனலில் அமர்ந்தால் 2400 வேகத்திலேயே 38,400 எம்பி கிடைக்கும். ஒற்றை 3200 ரேமோ 25,600-தான் கொடுக்கும். பழைய 2400-ஐக் கழற்றிவிட்டு ஒரே ஒரு 3200-ஐப் போடுவதைவிட, இரண்டையும் சேர்த்து 2400-ல் ஓட்டுவது மேல். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் படமும் ரேம் வழியாகத்தான் போகிறது என்பதால், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

சொல்லப்போனால் ஐ5-7400 பிராசஸரின் கணக்கே 2400 வரைதான். அந்தப் போர்டில் இரண்டு 3200 ரேம் வாங்கிப் போட்டாலும் பெரும்பாலும் 2400-ல்தான் ஓடும். ஐ5-10400 என்றால் 2666. ஆறாம் தலைமுறை ஐ3-6100 என்றால் 2133. பிராசஸர் பெயரை இன்டெல் தளத்தில் தேடி, மெமரி வகை என்ற வரியைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 3200-ஐ வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. இப்போது கடையில் சுலபமாகக் கிடைப்பது அதுதான். பிறகு பிராசஸர் மாற்றினால் உதவும். ஆனால் 3200 என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

கொள்ளளவும் சமமாக இருக்க வேண்டியதில்லை. 4 ஜிபிக்குப் பக்கத்தில் 8 ஜிபி போட்டால், இன்டெல் போர்டுகளில் முதல் 4-ம் 4-ம் சேர்ந்து இரட்டைச் சேனலில் ஓடும், மீதி 4 ஜிபி ஒற்றைச் சேனலில் ஓடும். 32 பிட் விண்டோஸ் இன்னும் இருந்தால் மட்டும் கவனம்: அது 4 ஜிபிக்கு மேல் பார்க்காது. எத்தனை ரேம் போட்டாலும் மூன்றேகால், மூன்றரை என்றுதான் காட்டும். முதலில் 64 பிட் விண்டோஸ் போட வேண்டும்.

எக்ஸ்எம்பி என்னும் கண்ணி

கலந்து போடுபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 3200 என்று எழுதியிருக்கும் ரேம்கள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. பச்சைப் பலகையில், சிஎல்22 என்று வரும் சாதாரண ரேமின் பிறவி வேகமே 3200. அலுமினியக் கவசம் போட்டு, சிஎல்16 என்று கேமிங் பெயரில் வரும் ரேம்களில் பலவற்றுக்குப் பிறவி வேகம் 2133 அல்லது 2400 அல்லது 2666. அட்டையில் போட்டிருக்கும் 3200, எக்ஸ்எம்பி என்ற தனிப் பட்டியலில் இருக்கிறது. பயாஸில் போய் எக்ஸ்எம்பியை இயக்கினால்தான் அந்த வேகம் வரும். அப்போது வோல்ட்டும் 1.2-லிருந்து 1.35-க்கு ஏறும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். உங்களிடம் இருப்பது சாதாரண 2666. வேகமானது நல்லது என்று எண்ணி, 2133 பிறவி வேகமுள்ள கேமிங் 3200-ஐ வாங்கிப் பக்கத்தில் போடுகிறீர்கள். எக்ஸ்எம்பி இயங்காத நிலையில் பயாஸ் பார்ப்பது ஒரு பக்கம் 2666, மறுபக்கம் 2133. பொது வேகம் 2133. வேகமான ரேம் வாங்கிப் போட்டதும் ரேம் ஓடும் வேகம் முன்பைவிட இறங்கிவிட்டது என்ற விநோதம் இப்படித்தான் நடக்கிறது. ரேமில் பழுது கிடையாது, கடைக்காரர் ஏமாற்றவும் இல்லை.

சரி, எக்ஸ்எம்பியை இயக்கிவிடலாமே என்றால், பல போர்டுகள் ஒரு ரேமின் பட்டியலை எடுத்து இரண்டின் மேலும் சுமத்தும். 2666-க்குப் பிறந்த ரேமை 3200 சிஎல்16-ல் ஓடச் சொன்னால் ஒன்று டிஸ்ப்ளே வராது. அல்லது வந்து, விண்டோஸ் ஓடி, வேலையின் நடுவே நீலத்திரை அடிக்கும். இரண்டாவதுதான் மோசம். ஃபைல் சேமிக்கும் நேரத்தில் ரேம் ஒரு பிட்டைத் தவறாகக் கொடுத்தால் அந்தத் தவறு ஃபைலிலேயே ஏறிவிடும்.

நடுவழி ஒன்று இருக்கிறது. போர்டு அனுமதித்தால், எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு பயாஸில் டிராம் ஃபிரீக்வென்சி என்ற இடத்தில் மெதுவான ரேமின் வேகத்தை, இந்த உதாரணத்தில் 2666-ஐ, கையாலேயே தேர்ந்தெடுக்கலாம். கேமிங் ரேம் அதைத் தாராளமாகத் தாங்கும். வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள விரும்பினால், கடையில் வேறு கம்ப்யூட்டரில் போட்டு சிபியு-இசட்டின் எஸ்பிடி பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதிகபட்ச பேண்ட்வித் என்ற வரியில் இருப்பது பிறவி வேகம். எக்ஸ்எம்பி என்று தனிக் கட்டம் இருந்தால் அதில் இருப்பது அட்டையில் போட்ட வேகம். பழைய சாதாரண ரேமுக்குத் துணை தேடுகிறீர்கள் என்றால் இன்னொரு சாதாரண பச்சைப் பலகையே போதும். கவசமும் விளக்கும் எதற்கு?

ஏஎம்டியின் ரைசன் பிராசஸர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. 1000 முதல் 5000 வரையிலான டெஸ்க்டாப் ரைசன்களில் பிராசஸரின் உள் இணைப்பு ரேமின் துடிப்போடு சேர்ந்தே ஓடுகிறது. 3200-லிருந்து 2400-க்கு இறங்கினால் அந்த இணைப்பும் 1600-லிருந்து 1200 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கும். கேம் விளையாடுபவர்கள் ரைசனில் கலக்காமல் ஜோடியாக வாங்குவதே சரி.

உண்மையில் சேராதவை

டிடிஆர்3-ஐயும் டிடிஆர்4-ஐயும் சேர்க்கவே முடியாது. டெஸ்க்டாப் டிடிஆர்3-க்கு 240 பின், டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் 288. பின் எண்ணிக்கை ஒன்றானாலும் 4-க்கும் 5-க்கும் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஸ்லாட்டில் இறங்காவிட்டால் அமுக்காதீர்கள். இறங்காததற்குக் காரணம் இருக்கிறது.

பழைய லேப்டாப்களில் வோல்ட்டைப் பார்க்க வேண்டும். டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட். பார்க்க ஒரே மாதிரி, இரண்டும் 204 பின், ஒரே ஸ்லாட்டில் இறங்கும். டிடிஆர்3எல் 1.5, 1.35 இரண்டிலும் ஓடும். ஆனால் 1.35 மட்டும் கொடுக்கும் லேப்டாப்பில் சாதாரண டிடிஆர்3 போட்டால் டிஸ்ப்ளே வராது. ஸ்டிக்கரில் "பிசி3எல்" என்று எல் இருக்கிறதா என்று பாருங்கள். 2011-லிருந்து அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வந்த விலையில்லா லேப்டாப்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு கம்பெனியும் மாடலும் மாறின. அக்காவுக்கு வந்ததும் தம்பிக்கு வந்ததும் இரண்டுமே அரசு லேப்டாப் என்பதற்காக ஒன்றின் ரேம் இன்னொன்றில் ஓடிவிடாது. கழற்றி, ஸ்டிக்கரைப் படித்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆன்லைனில் சல்லிசாக வரும் இரண்டு சரக்கைத் தவிர்க்கவும். சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு இசிசி ரேம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடாது. "ஏஎம்டி போர்டுக்கு மட்டும்" என்று வரும் டிடிஆர்3 ரேம் இன்டெல் போர்டில் ஓடாது. அதன் சில்லு அமைப்பு வேறு.

லேப்டாப்பில் ஒரு ரேம் போர்டிலேயே சால்டர் செய்து, ஒரு ஸ்லாட் காலியாக இருக்கலாம். அந்த ஸ்லாட்டில் வேறு வேக ரேம் போட்டாலும் மேலே சொன்ன கணக்கே. எல்பிடிடிஆர் என்ற, போர்டிலேயே சால்டர் செய்யும் ரக ரேம் போட்ட மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ஸ்லாட்டே கிடையாது. ரேம் வாங்கும் முன் பின்மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

டிடிஆர்5-ல் கலப்பது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினாலே வேகம் இறங்கிவிடும். ரைசன் 7000-க்கு இரண்டு ரேம் என்றால் 5200, நான்கு என்றால் 3600 என்று ஏஎம்டியே சொல்கிறது. புதிய ரேம் போட்ட முதல் முறை திரை கறுப்பாகவே சில நிமிடம் நிற்கவும் கூடும். போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டு ஆஃப் செய்யக் கூடாது.

பொருத்துவது

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். லேப்டாப்பில் பேட்டரியையும் கழற்ற வேண்டும். கேபினெட்டின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேமின் ஓரங்களைப் பிடித்து எடுங்கள். தங்க நிறப் பின்களில் விரல் படக் கூடாது. உவரி, திருச்செந்தூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றாலும், சாரல் காலத்தில் குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் ஈரத்தாலும் பழைய ரேமின் பின்கள் மங்கியிருக்கும். வெள்ளை ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளைத் தட்டிவிட்டுப் போடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பின்னின் மேல் பூச்சே போய்விடும். ஸ்லாட்டில் உள்ள தூசியை பிரஷ்ஷால் எடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

இரண்டு ஸ்லாட் போர்டில் யோசிக்க ஒன்றுமில்லை. நான்கு ஸ்லாட் என்றால் பெரும்பாலான போர்டுகளில் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். போர்டில் அவை ஏ2, பி2 என்று இருக்கும். அடுத்தடுத்துப் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்கார்ந்துவிடும். வெட்டு பொருந்தும் பக்கம் பார்த்து, இரண்டு முனையும் கிளிப்பில் "டக்" என்று மாட்டும்வரை சமமாக அழுத்துங்கள். லேப்டாப்பில் சாய்வாகச் செருகிப் படுக்க வையுங்கள்.

முதலில் புதிய ரேமை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். ஓடினால் பழையதையும் சேருங்கள். இந்த ஒரு படியைத் தாண்டிவிட்டு, டிஸ்ப்ளே வராமல் எது பழுது என்று மண்டையை உடைத்துக்கொள்வது வீண். தனித்தனியாக ஓடி, சேர்த்தால் மட்டும் டிஸ்ப்ளே வராவிட்டால், பிளக்கைக் கழற்றி போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். பழைய செட்டிங் அழிந்து பயாஸ் புதிதாகக் கணக்குப் போடும். அதிலும் வராவிட்டால் பயாஸ் அப்டேட் இருக்கிறதா என்று பார்க்கலாம். அதற்கும் மசியாத ஜோடிகள் உண்டு. அப்போது வேறு ரேம் மாற்றி வாங்குவதே வழி.

விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. மொத்தக் கொள்ளளவு, ஓடும் வேகம், எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று எல்லாம் அங்கேயே தெரியும். 12 ஜிபி போட்டு 8 என்று காட்டினால் ஒன்று சரியாக உட்காரவில்லை. கழற்றி மறுபடி மாட்டுங்கள். சேனல் ஒற்றையா இரட்டையா என்பதைச் சிபியு-இசட் காட்டும்.

பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான். "ஒண்ணுதானே" என்று விடக் கூடாது. பிழை வந்தால் வேகத்தை ஒரு படி இறக்கி மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் ஒவ்வொரு ரேமாகத் தனியே சோதித்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம். புதியதுதான் குற்றவாளி என்றால் பில்லோடு கடைக்கு எடுத்துப் போங்கள். ரேமுக்கு மூன்று ஆண்டு, பத்து ஆண்டு, ஆயுள் என்று வாரண்டி நீளமாகவே வரும். சீரியல் எண் உள்ள ஸ்டிக்கரைக் கிழித்திருந்தால் மட்டும் யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.